மறுபடி சம்பளம் கைக்கு வரும்வரை: பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்ணுக்குத் துணை நிற்பவருக்கு ஒரு வழிகாட்டி (தருமபுரி, கிருஷ்ணகிரி)

ஒரு பெண்ணை வேலையில் சேர்த்துவிடுவது இந்த இரண்டு மாவட்டங்களில் பெரிய காரியமில்லை. ஓசூர் சிப்காட், பர்கூர் பக்கத்து ஷூ கம்பெனிகள், சீசன் வந்தால் கிருஷ்ணகிரி மாங்கூழ் ஆலைகள் என்று பெண்களை எடுத்துக்கொண்டே இருக்கிறார்கள். சிக்கல் இரண்டு மூன்று மாதம் கழித்துத்தான் வருகிறது. வாய்தாவுக்கு லீவு கேட்கத் தயங்கி நின்றுவிடுகிறார். இல்லையென்றால் சம்பளம் புருஷன் வைத்திருக்கும் ஏ.டி.எம். கார்டுக்குப் போகிறது, அல்லது குழுக்கடன்காரர் கம்பெனி வாசலுக்கே வந்து நிற்கிறார். வேலை தேடுவதற்கு முன்பே இவற்றைச் சரிசெய்து வைத்தால் அவர் வேலையில் நிலைப்பார். தொண்டு நிறுவனத்தில் புதிதாகச் சேர்ந்தவர், சுய உதவிக்குழுவைக் கவனிப்பவர், அக்கா தங்கை முறையில் கூட நிற்பவர் என யாராக இருந்தாலும் இந்த வரிசையில் போகலாம்.

முதலில், பெயர் வெளியே போகக்கூடாது

பாலியல் வன்கொடுமை வழக்கில் பாதிக்கப்பட்டவரின் அடையாளம் தெரியும்படி எதையும் வெளியிடுவது பாரதிய நியாய சன்ஹிதா (இப்போதைய குற்றவியல் தண்டனைச் சட்டம்) 72-ஆம் பிரிவின்படி இரண்டு ஆண்டு வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றம். உதவுகிறேன் என்று வாட்ஸ்அப் குழுவில் எஃப்.ஐ.ஆர். நகலைப் போட்டு "யாராவது வேலை இருந்தா சொல்லுங்க" என்பவரும் இதில் மாட்டுவார். எஃப்.ஐ.ஆர். நகல் தேவைப்படும் இடங்கள் மிகக் குறைவு: மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு, மருத்துவமனை, பட்டியலினத்தவர், பழங்குடியினருக்கான வன்கொடுமைத் தடுப்புச் சட்ட வழக்கென்றால் ஆதிதிராவிடர் நல அலுவலகம். வேலை கேட்டுப் போகும் ஃபைலில் அந்தக் காகிதம் இருக்கவே கூடாது. இரண்டு ஃபைல் வையுங்கள். ஒன்றில் ஆதார், மார்க் ஷீட், போட்டோ, பேங்க் பாஸ்புக் மட்டும் இருக்கட்டும். மற்றது வழக்குக் காகிதம். அதை அவர் நம்பும் ஒருவரிடமோ வக்கீலிடமோ வைக்கச் சொல்லுங்கள்.

அமைப்பின் பெயர் போட்ட ஜீப்பில் அவர் வீட்டு வாசல்வரை போகாதீர்கள். ஊர் ஒரு மணி நேரத்தில் கணக்குப் போட்டுவிடும். பஸ் ஸ்டாண்டில், தாலுகா ஆபீஸில், ஆஸ்பத்திரியில் சந்திக்கலாம்.

முதல் நாற்பது நாள்

சம்பவம் நடந்து 72 மணி நேரத்துக்குள் மருத்துவமனைக்குப் போயிருந்தால் எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரையை 28 நாள் விடாமல் சாப்பிடச் சொல்லியிருப்பார்கள். குமட்டலும் தலைசுற்றலும் சகஜம். ஆறாவது வாரம், மூன்றாவது மாதம் என்று மறுபரிசோதனையும் உண்டு. இதற்கு நடுவே எட்டு மணி நேரம் நின்று செய்யும் வேலையில் சேர்த்துவிட்டால் பத்தே நாளில் திரும்பி வந்துவிடுவார். அதன்பிறகு "நமக்கு இதெல்லாம் ஒத்துவராது" என்ற எண்ணம் பதிந்துவிடும். அதைக் கரைக்கப் பல மாதம் பிடிக்கும். அரசு, தனியார் எந்த மருத்துவமனையும் இவருக்கு இலவசமாகச் சிகிச்சை தர வேண்டும் என்பது சட்டம். பில் கேட்டால் கட்டாதீர்கள். தூக்கமின்மை, பயம், திடுக்கிடல் இருந்தால் தருமபுரி, கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவுக்குப் போகலாம். 14416 என்ற டெலி மானஸ் (அரசு மனநல உதவி) எண்ணில் தமிழில் பேசலாம்.

தங்க இடமில்லையென்றால் 181 என்ற பெண்கள் உதவி எண்ணை அழைத்தால், பாதிக்கப்பட்ட பெண்களுக்கான ஒருங்கிணைந்த சேவை மையத்துக்கு வழி சொல்வார்கள். ஆனால் அங்கே தங்குவது பொதுவாக ஐந்து நாள்வரைதான். ஆறாவது நாள் எங்கே என்பதை இரண்டாவது நாளே பேசிவிடுங்கள்.

ஏற்கெனவே வேலையில் இருப்பவர் என்றால் இந்தக் கட்டத்தில் ஒரு தவறு அடிக்கடி நடக்கும். "லீவு அதிகமாச்சு, ஒரு ரிசைன் லெட்டர் எழுதிக் கொடுத்துடும்மா, அப்புறம் பாத்துக்கலாம்" என்பார் சூப்பர்வைசர். எழுதக் கூடாது. மருத்துவச் சான்றோடு லீவு கடிதத்தைப் பதிவுத் தபாலில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ள வேண்டும். சம்பளத்தில் இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) பிடித்தம் இருந்தால், கடந்த பங்களிப்புக் காலத்தில் 78 நாள் வேலை செய்திருந்தாலே ஆண்டுக்கு 91 நாள்வரை சராசரிக் கூலியில் 70 சதவீதம் நோய்க்காலப் பயனாகக் கிடைக்கும். அதற்குரிய சான்றை இ.எஸ்.ஐ. மருத்துவர் தர வேண்டும். நோயின் விவரம் கம்பெனிக்குப் போக வேண்டிய அவசியமில்லை.

போன், ஆதார், வங்கிக் கணக்கு

புதிதாக வருபவர்கள் சாதாரணமாக நினைத்துத் தாண்டிப்போகும் இடம் இதுதான். பெரும்பாலான குடும்பங்களில் பெண்ணின் ஆதாரில் இணைந்திருப்பது அப்பா, அண்ணன் அல்லது கணவரின் போன் எண். ஓ.டி.பி. அங்கே போகும். குற்றம் செய்தவரே வீட்டுக்குள் இருந்தால், அல்லது வீட்டார் "கேஸை வாபஸ் வாங்கு" என்று நெருக்கினால், அந்த ஒரு எண்ணே அவரைக் கட்டிப்போடப் போதும்.

முதலில் அவர் பெயரில் ஒரு சிம். பிறகு தாலுகா அலுவலகத்திலோ தபால் நிலையத்திலோ உள்ள ஆதார் மையத்தில் எண்ணை மாற்ற வேண்டும். கைரேகை வைத்தால் போதும். பழைய போனும் வேண்டாம், வேறு ஆவணமும் வேண்டாம். எண் மாறிய பிறகுதான் வங்கி. வரிசையை மாற்றி வங்கிக்கு முதலில் போனால் மறுபடி அலைய நேரும்.

வங்கியில் பழைய கணக்கைத் திருத்துவதைவிட வேறு வங்கியில் புதிதாகத் திறப்பதே நல்லது. ஜன்தன் போன்ற அடிப்படைச் சேமிப்புக் கணக்கு என்று கேட்டால் குறைந்தபட்ச இருப்பு கட்டாயமில்லை. தனிப்பெயர்க் கணக்காக இருக்க வேண்டும். "துணைக்கு அப்பா பேரையும் சேர்த்துடலாமா?" என்று வங்கியில் நல்லெண்ணத்தில்தான் கேட்பார்கள். வேண்டாம் என்று அவரே சொல்லும்படி முன்கூட்டிச் சொல்லி வையுங்கள்.

கணக்கு திறந்ததோடு வேலை முடியவில்லை. மகளிர் உரிமைத் தொகை மாதிரி ஆதார் வழியாக வரும் அரசுப் பணம், ஆதாரோடு கடைசியாக இணைக்கப்பட்ட கணக்குக்குத்தான் போகும். புதுக் கணக்கு திறந்து ஆறு மாதம் ஆன பிறகும் பணம் பழைய கணக்கில் விழுந்து யாரோ எடுத்துக்கொண்டிருப்பது இப்படித்தான். வங்கியில் "ஆதார் சீடிங், டி.பி.டி.க்கு" (அரசுப் பணம் நேரே வர இந்தக் கணக்கை ஆதாரோடு இணைக்க) என்று தனியாகப் படிவம் கொடுக்க வேண்டும். ஒரு வாரம் கழித்து ஆதார் இணையதளத்தில் எந்த வங்கி இணைந்திருக்கிறது என்று பாருங்கள். பழைய ஏ.டி.எம். கார்டை முடக்குவது, போன்பே, ஜிபே இரண்டிலும் பழைய எண்ணை நீக்குவது எல்லாம் அதே நாளில் முடியட்டும்.

சான்றிதழ்கள் வீட்டில் சிக்கிக்கொண்டால் சண்டை போட்டு வாங்கப் போகாதீர்கள். தொலைந்த ஆவண அறிக்கையைத் தமிழ்நாடு காவல்துறை இணையதளத்தில் பதிந்து மார்க் ஷீட் நகலுக்கு விண்ணப்பிக்கலாம். வேலைக்கு அவசரமென்றால் பள்ளியில் வாங்கும் படிப்புச் சான்றே பல கம்பெனிகளுக்குப் போதும்.

நிவாரணப் பணம்: எங்கே, எவ்வளவு, எப்படி

பெண் என்பதாலேயே வருமான வரம்பு பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டம் 1987-இன் 12-ஆம் பிரிவு அது. மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே ஆணைக்குழு அலுவலகம் இருக்கும். உதவி எண் 15100.

இழப்பீட்டு விண்ணப்பமும் அங்கேதான். தேசிய சட்டப்பணிகள் ஆணையம் 2018-இல் வகுத்த திட்டத்தின்படி பாலியல் வன்கொடுமைக்கு 4 முதல் 7 லட்சம், கூட்டு வன்கொடுமைக்கு 5 முதல் 10 லட்சம். சிறுமியாக இருந்தால் ஒன்றரை மடங்கு. தீர்ப்பு வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. வழக்கு பதிவானதும் இடைக்கால நிவாரணம் கேட்கலாம். கெடு மூன்று ஆண்டு. எஃப்.ஐ.ஆர். நகல் (புகார் கொடுத்தவருக்கு இலவசம்), மருத்துவ அறிக்கை இருந்தால் அது, ஆதார், புதுக் கணக்கின் பாஸ்புக் முதல் பக்கம் ஆகியவற்றோடு மனுவில் செலவுக் கணக்கை எழுதுங்கள். "வாழ்வாதாரம் பாதித்துள்ளது" என்று மட்டும் எழுதினால் கீழ்த்தொகைதான் கிடைக்கும். "மாதம் 11,500 சம்பளத்தில் இருந்தார், ஏழு மாதமாக வேலைக்குப் போகவில்லை, ஊர் மாறி வாடகை 3,000 கட்டுகிறார், குழந்தையின் பள்ளி மாறியது" என்று எண்ணோடு எழுதினால் முடிவெடுப்பவருக்குப் பிடிமானம் கிடைக்கும். பழைய சம்பளச் சீட்டு, வாடகை ரசீது, பஸ் டிக்கெட்கூட ஒட்டலாம்.

தொகை முழுவதும் ஒரேயடியாகக் கையில் வராது. வயது வந்தவருக்கு 75 சதவீதம் குறைந்தது மூன்று ஆண்டு வைப்புத்தொகையாகப் போகும், 25 சதவீதம் உடனே எடுக்கலாம். நான்கு லட்சம் என்றால் ஒரு லட்சம் கையில், மூன்று லட்சம் வங்கியில். 6.5 சதவீத வட்டி என்று வைத்துக்கொண்டால் மாதம் 1,625 ரூபாய். சின்னத் தொகைதான், ஆனால் வாடகையில் பாதி அது. வட்டி மாதாமாதம் சேமிப்புக் கணக்குக்கு வரும்படி கேட்டு வாங்குங்கள். படிப்பு, மருத்துவம், அவசரத் தேவை என்றால் வைப்புத்தொகையிலிருந்து எடுக்க ஆணைக்குழுவிடம் மனு கொடுக்க இடமுண்டு. இந்த விவரம் தெரியாமல் கந்துவட்டிக்கு வாங்குபவர்கள் இருக்கிறார்கள்.

உடனே எடுக்கலாம் என்ற அந்த ஒரு லட்சத்துக்கு உறவுக்காரர்கள் வருவார்கள். மாமாவுக்கு வண்டி, தம்பிக்குக் கல்யாணம் என்று காரணங்கள் வரும். பணம் வருவதற்கு முன்பே அவரோடு உட்கார்ந்து ஆறு மாத வாடகை, சாப்பாடு, பயணம் என்று கணக்கெழுதிவிட்டால், கேட்பவரிடம் "அது கணக்காயிடுச்சு" என்று சொல்ல அவருக்கு வாய் வரும்.

பாதிக்கப்பட்டவர் பட்டியலினத்தவராகவோ பழங்குடியாகவோ இருந்து, குற்றவாளி அப்படி இல்லாதவராக இருந்தால், வன்கொடுமைத் தடுப்பு விதிகளின்படி தனி நிவாரணம் உண்டு. மத்திய விதியில் பாலியல் வன்கொடுமைக்கு 5 லட்சம், கூட்டு வன்கொடுமைக்கு 8.25 லட்சம். தமிழ்நாடு அரசு அதன்பிறகு தொகைகளை உயர்த்தியிருக்கிறது. மருத்துவ அறிக்கை உறுதியானதும் பாதி, குற்றப்பத்திரிகை கோர்ட்டுக்குப் போனதும் கால், விசாரணை முடிந்ததும் மீதிக் கால். இது மற்றச் சட்டங்களில் கிடைக்கும் இழப்பீட்டுக்கு மேல் வருவது, அதற்குப் பதிலாக அல்ல. 12-ஆம் விதியிலேயே அப்படி எழுதியிருக்கிறது. "ஒன்னு வாங்கிட்டீங்களே" என்று திருப்பி அனுப்பினால் அந்த விதியை எழுதியே மறுபடி கொடுங்கள்.

இங்கே மலையில் தடங்கல் சாதிச் சான்றுதான். பட்டியலினச் சான்றை வட்டாட்சியர் தருவார். பழங்குடிச் சான்று வருவாய்க் கோட்ட அலுவலகத்தில்தான் கிடைக்கும். சித்தேரி மலைக்காரருக்கு அரூர், தளி பக்கத்தவருக்கு ஓசூர். புகார் கொடுத்த வாரமே இதற்கு விண்ணப்பித்துவிட வேண்டும். சான்று இல்லையென்றால் வழக்கில் அந்தச் சட்டப்பிரிவு சேர்வதே தள்ளிப்போகும்.

நிவாரணத்தில் வேலையும் கேட்கலாமா? பாதிக்கப்பட்டவர் என்பதால் மட்டும் அரசு வேலையில் இடஒதுக்கீடு எதுவும் இல்லை. யாராவது "வாங்கித் தர்றேன், முன்பணம் கொடு" என்றால் அது மோசடி. ஆனால் நீதிமன்றம் சொல்லலாம். அரூர் பக்கத்து வாச்சாத்தியில் 1992 ஜூனில் 18 பெண்களுக்கு நேர்ந்த கொடுமையில், சென்னை உயர் நீதிமன்றம் 2023 செப்டம்பர் 29 அன்று தலா 10 லட்சம் வழங்கவும், அதில் பாதியைக் குற்றவாளிகளிடமிருந்து வசூலிக்கவும், அந்தப் பெண்களுக்கோ அவர்கள் குடும்பத்தாருக்கோ பொருத்தமான வேலை அல்லது சுயதொழில் ஏற்படுத்தித் தரவும் உத்தரவிட்டது. 31 ஆண்டு கழித்து வந்ததுதான். என்றாலும் வாழ்வாதாரமும் நீதியின் பங்கு என்று இந்த மாவட்டத்து வழக்கிலேயே எழுதப்பட்டுவிட்டது. உங்கள் வக்கீல் மனுவில் அதைக் காட்டலாம்.

கடன்

குழுக்கடன் தவணை நின்றிருக்கும். ரிசர்வ் வங்கியின் 2022 விதிப்படி நுண்கடன் வசூலுக்குக் காலை 9 மணிக்கு முன்னும் மாலை 6 மணிக்குப் பின்னும் அழைக்கக் கூடாது. வேலை செய்யும் இடத்துக்கு வருவதாக மிரட்டினால் நிறுவனத்தின் குறைதீர் எண்ணில் புகார் பதியுங்கள். தவணையைத் தள்ளி வைக்க எழுத்தில் கேளுங்கள். காரணமாக "உடல்நலக் குறைவு" போதும்.

எந்த வேலை

"தையல் மிஷின் வாங்கிக் கொடுத்துடலாம்" என்பது எல்லோருக்கும் முதலில் தோன்றுவது. ஊர் பேசாமல் ஒதுக்கி வைத்திருக்கும் பெண்ணிடம் ஜாக்கெட் தைக்க யார் கொடுப்பார்? மிஷின் மூலையில் துணி மூடிக் கிடக்கும். அதே ஊரில் இருக்கப் போகிறவருக்கு வாடிக்கையாளரை நம்பாத வேலை வேண்டும். ஊர் மாறியவருக்கு மிஷின் சரிவரலாம். அப்போது சமூக நலத்துறையின் சத்தியவாணி முத்து அம்மையார் நினைவு இலவசத் தையல் இயந்திரத் திட்டத்தில் விண்ணப்பிக்கலாம். 20 முதல் 40 வயது, தையல் பயிற்சிச் சான்று, வருமானச் சான்று வேண்டும்.

வீட்டைவிட்டு வர இன்னும் மனம் வராதவருக்கு, சீசன் இருந்தால் புளி தட்டும் வேலை ஒரு தொடக்கம். கிலோ கணக்கில் கூலி, யாரிடமும் பேச வேண்டியதில்லை. கூலி குறைவு. அதனால் ஒன்றிரண்டு மாதப் பாலமாக மட்டும் வையுங்கள். மாங்கூழ் ஆலை மே முதல் ஆகஸ்ட்வரை ஓடும். பழைய வேலை எங்கே, ஏன் இடைவெளி என்று யாரும் கேட்பதில்லை. ஆனால் இரவு வேலையும், லோடு வண்டியில் வீடு திரும்புவதும் உண்டு. எப்படித் திரும்புவார் என்று கேட்காமல் அனுப்பாதீர்கள்.

நிரந்தர வருமானத்துக்கு சிப்காட் வேலைதான் பலருக்கும். சேர்ப்பதற்கு முன் நான்கு கேள்வி: சம்பளம் கம்பெனி போடுமா, லேபர் கான்ட்ராக்டரா? பி.எஃப்., இ.எஸ்.ஐ. உண்டா? கம்பெனி பஸ் எந்த ஸ்டாப்பில் எத்தனை மணிக்கு? விடுதிக் கட்டணம் எவ்வளவு பிடிப்பார்கள்? மூன்றாவது கேள்விக்கு நீங்களே போய்ப் பாருங்கள். காலை ஷிஃப்டுக்கு நாலரை ஐந்து மணிக்கே பஸ் வரும். வீட்டிலிருந்து ஸ்டாப்வரை விளக்கில்லாத அரைக் கிலோமீட்டர் இருந்தால், அந்த அரைக் கிலோமீட்டரே வேலையை விடக் காரணமாகிவிடும். பகல் ஷிஃப்ட் கேளுங்கள். இரவு ஷிஃப்டுக்குப் பெண்ணின் சம்மதம் வேண்டும். மூன்று ஆண்டு முடிந்தால் மொத்தமாகப் பணம் என்று ஆள் பிடிக்கும் நூற்பாலை ஏஜென்டுகளை வாசலோடு அனுப்பிவிடுங்கள். பாதியில் வந்தால் ஒன்றும் கிடைக்காது, வெளியே வரவும் விடமாட்டார்கள்.

பழைய யு.ஏ.என். (பி.எஃப். கணக்கின் நிரந்தர எண்) இருந்தால் அதையே கொடுக்க வேண்டும். புதிது எடுத்தால் பழைய பி.எஃப். பணம் தனியே மாட்டிக்கொள்ளும்.

இடைவெளி பற்றி நேர்முகத்தில் கேட்டால் நீளமாகச் சொன்னால் மாட்டிக்கொள்வார்கள். "உடம்பு சரியில்லாம வீட்ல இருந்தேன் சார், இப்ப நல்லாயிட்டேன்" என்ற ஒரு வரியை வீட்டில் சத்தமாகப் பத்துத் தடவை சொல்லிப் பழகட்டும். பொய்யில்லை அது.

சம்பளக் கணக்கையும் முன்பே போடுங்கள். ஜூன் 12-இல் சேர்ந்தால் ஜூலை 7-இல் 19 நாள் சம்பளம் மட்டும் வரும், விடுதிப் பணம் போக. முழுச் சம்பளம் ஆகஸ்ட் 7-இல்தான். எட்டு வாரத்துக்குக் கைச்செலவு வேண்டும். விடியல் பயணம் சாதாரண டவுன் பஸ்ஸில்தான் இலவசம். கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூருக்குத் தினம் போய்வந்தால் டிக்கெட்டே சம்பளத்தைத் தின்னும்.

வாய்தாவுக்கு லீவு

சம்மன் போலீஸ்காரர் கையில் கம்பெனிக்கோ விடுதிக்கோ வரக் கூடாது. விசாரணை அதிகாரியிடமும் அரசு வக்கீலிடமும் புது போன் எண்ணைக் கொடுத்து, அந்த எண்ணிலேயே அழைக்கும்படி எழுதிக் கொடுங்கள். தேதி தெரிந்ததும் ஷிஃப்ட் மாற்றிக்கொள்ளலாமா என்று பார்த்து, இல்லையென்றால் வாரவிடுமுறையை மாற்றிக் கேட்க வேண்டும். வருகைச் சான்று கம்பெனி கேட்டால், நீதிமன்றத்தில் தேதியும் "சாட்சியாக ஆஜர்" என்ற சொல்லும் மட்டும் இருக்கும்படி கேட்டு வாங்குங்கள். வழக்கின் பிரிவு எண் அதில் இருந்தால் ஹெச்.ஆர். கூகுளில் தேடிவிடுவார். சாட்சிக்குரிய படியும் கேட்டுப் பெறலாம். மறுநாளும் லீவு போடட்டும். சாட்சிக்கூண்டில் குறுக்கு விசாரணை முடித்தவர் அடுத்த காலை ஐந்து மணிக்கு மிஷின் முன் நின்றால் கை நடுங்கும், அடிபடும்.

சமரசம் பேச வருபவர்கள் சம்பள நாளை ஒட்டித்தான் வருவார்கள். இந்தக் குற்றத்தை ஊர்ப் பஞ்சாயத்தில் முடித்துவைக்கச் சட்டத்தில் இடமில்லை.

வேலையிடத்திலேயே நடந்திருந்தால்

பத்துப் பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடமென்றால் உள் புகார்க் குழு இருக்க வேண்டும். குறைவாக இருந்தாலோ, முதலாளி மீதே புகார் என்றாலோ, வீட்டு வேலை செய்பவராக இருந்தாலோ மாவட்டத்தின் உள்ளூர்ப் புகார்க் குழுவிடம் போகலாம். ஆட்சியர் அலுவலகத்தில் கேட்டால் சொல்வார்கள். கான்ட்ராக்ட் ஆளுக்கும் தினக்கூலிக்கும் 2013 சட்டம் பொருந்தும். மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். தக்க காரணம் இருந்தால் இன்னும் மூன்று மாதம் நீட்டுவார்கள். விசாரணை நடக்கும்போது இடமாற்றமோ, வழக்கமான விடுப்புக்கு மேல் மூன்று மாதம்வரை விடுப்போ கேட்கலாம். கேட்டால்தான் பரிந்துரைப்பார்கள். அதனால் புகாரிலேயே அந்த வரியைச் சேர்த்துவிடுங்கள். போலீஸ் புகாரும் இதுவும் ஒன்றையொன்று தடுக்காது.

சொந்தத் தொழில்

முதல் ஆண்டில் அவசரப்படாதீர்கள். நிவாரணப் பணத்தை அப்படியே கடையில் போட்டு இழந்தால் மறுபடி எழுவது கடினம். இந்தியன் வங்கி இரண்டு மாவட்டங்களிலும் நடத்தும் ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிறுவனத்தில் கறவை மாடு, காளான், தையல், அழகுக்கலை எனப் பயிற்சிகள் உண்டு. கட்டணமில்லை, சாப்பாடும் தங்கும் இடமும் தருகிறார்கள். வீட்டைவிட்டு வந்து பத்திலிருந்து முப்பது நாள் வேறு பெண்களோடு இருப்பதே பலருக்கு நல்லது செய்கிறது. பிறகு மாவட்டத் தொழில் மையத்தில் பி.எம்.இ.ஜி.பி. (பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கத் திட்டம்) கடன் கேட்டால் கிராமப்புறப் பெண்ணுக்கு 35 சதவீத மானியம், சொந்தப் பங்கு 5 சதவீதம். மானியம் முதல் நாளே கைக்கு வராது. மூன்று ஆண்டு வங்கியில் பூட்டி வைத்துப் பிறகுதான் கடனில் கழிப்பார்கள். முழுக் கடனுக்கும் தவணை கட்ட முடியுமா என்று பார்த்தே இறங்க வேண்டும்.

வழக்கு முடியும் வேளை

இறுதி வாதத்துக்கு முன் வக்கீலிடம், இழப்பீட்டைத் தீர்ப்பிலேயே பரிந்துரைக்கும்படி கேட்கச் சொல்லுங்கள். குற்றவாளி விடுதலையானாலும், பாதிக்கப்பட்டவருக்கு மறுவாழ்வு தேவை என்று நீதிமன்றம் கருதினால் பரிந்துரைக்கலாம். ஆள் யாரென்றே கண்டுபிடிக்காமல் வழக்கு நின்றுபோனாலும் ஆணைக்குழுவில் நேரே விண்ணப்பிக்கலாம். பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 396-ஆம் பிரிவு இதற்கெல்லாம் வழி வைத்திருக்கிறது. தீர்ப்பு நகல் வந்ததும் முன்பு வாங்கிய இடைக்காலத் தொகையின் ஆணை, வைப்புத்தொகை ரசீது, புதிய முகவரிச் சான்று மூன்றையும் இணைத்துக் கொடுத்து, மனு எண்ணை உங்கள் நோட்டிலும் அவர் போனிலும் பதிந்து வையுங்கள்.